கைப்பேசியின் மறைபணிகள்

உலகிலே நிகழும் தொழில்கள் யாவும் இருதிறப்படும். ஒன்று, பிறர் காணுமாறு நிகழ்வது. மற்றொன்று, காண்பாரின்றியே நிகழ்வது. பகலெல்லாம் கடைவீதியில் நடைபெறும் வாணிகம் முன்னதற்குச் சான்று. இரவில் அரைத்து மூடிவைத்த மாவு, வீட்டார் உறங்குங்கால் தானே பொங்கிப் புளித்து, விடியலில் இட்டலிக்குப் பதமாய் நிற்றல் பின்னதற்குச் சான்று. காணும் தொழிலிற் பிழை நேரின் உடனே கண்டு திருத்துகின்றோம். காணாத தொழிலிற் பிழை நேரின், அதன் பயன் கைக்கு வாராதபோதுதான் அறிகின்றோம். அதற்குள் காலங் கடந்துவிடுகின்றது.

இக்காலத்தில் மாணாக்கர், ஆசிரியர், உழவர், வணிகர் என்னும் வேறுபாடின்றி எங்கும் பரவியுள்ள கைப்பேசியும் இவ்விருவகைத் தொழிலையும் உடையது. செயலி ஒன்றைத் திறந்து அதன் திரையை நாம் நோக்கிக்கொண்டிருக்கும்போது நிகழ்வது முன்னணிப் பணி. திரையை அணைத்துக் கைப்பேசியைப் பையிலிட்ட பின்னரும், அன்றி வேறொரு செயலியைத் திறந்த பின்னரும் நிகழவேண்டியது பின்னணிப் பணி. எடுத்த புகைப்படங்களைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்திற்கு அனுப்புதல், நண்பர் விடுத்த செய்தியை வந்தவுடன் அறிவித்தல், மருந்துண்ணும் வேளையை நினைவூட்டுதல், நீரிழிவுடையார் உடலிற் பொருத்திய கருவியினின்று சர்க்கரையளவைப் பெற்று, அது மிகத் தாழ்ந்தவிடத்து ஒலியெழுப்புதல் என்பன அத்தகைய பணிகளாம். இவற்றுட் சில தவறினால் சிறு வருத்தமே உண்டாகும். சில தவறினால் உயிர்க்கே இடையூறு நேரும். ஆதலின், இப்பணிகள் தவறாது நடைபெறுமாறு செயலிகளை அமைப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இஃது எளிய காரியமன்றோ, நிரலில் எழுதியபடி யந்திரம் செய்துகொண்டே இராதோ எனச் சிலர் வினவலாம். சுவரிலுள்ள மின்னிணைப்பிலிருந்து இடையறாது மின்சாரம் பெறும் மேசைக் கணினிக்கு அவ்வினா பொருந்தும். கைப்பேசியோ ஒரு சிறு மின்கலத்தில் அடங்கிய ஆற்றலைக் கொண்டு பகல் முழுதும் வாழவேண்டியது. அதன் மூளையாகிய சில்லு, வேலையில்லாப் பொழுதெல்லாம் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தாலன்றி மின்கலம் மாலைவரை நில்லாது. இதனினும் மிகுதியாக ஆற்றலை உண்பது வானொலி அலைகளால் வலையமைப்போடு பேசும் உறுப்பு. சில எழுத்துகளே கொண்ட சிறு செய்தியை அனுப்பவும் அவ்வுறுப்பு முழு விழிப்பு நிலைக்கு வரவேண்டும். அனுப்பி முடித்த பின்னரும் சில நொடிகள் அந்நிலையிலேயே காத்திருந்து பிறகுதான் அடங்கும். பத்துச் செயலிகள் பத்து வேறு வேளைகளில் அதனை எழுப்பின் பத்துமுறை அவ்வீண்செலவு உண்டாகும். பத்தும் ஒரே வேளையில் தத்தம் வேலையை முடித்துக்கொள்ளின் ஒருமுறைச் செலவே போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி இங்கு நன்கு பொருந்துவதாகும்.

இரண்டாவது தடை நினைவகத்தின் குறுக்கம். ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளம் லினக்ஸ் என்னும் கருவின்மேல் அமைந்தது. அது தன்னிடமுள்ள செயலிகளைத் தரவரிசைப்படுத்தி வைத்துக்கொள்கின்றது. திரையில் நாம் தொட்டுப் பயன்படுத்துவது முதற்றரம்; முழுதும் முன்னில்லாவிடினும் கண்ணுக்குத் தெரிவது இரண்டாந்தரம்; மறைவில் ஒரு சேவையைச் செய்துகொண்டிருப்பது மூன்றாந்தரம்; வேலை யாதுமின்றி, மீண்டும் விரைவில் திறப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டிருப்பது கடைத்தரம். நினைவகத்தில் இடம் போதாதபோது கடைத்தரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக முடித்துவிடுகின்றது. அங்ஙனம் முடிக்குங்கால் செயலிக்கு முன்னறிவிப்பு வழங்குவதாக உறுதியில்லை. நினைவகத்தில் மாத்திரம் வைத்திருந்த கணக்கெல்லாம் அந்நொடியே அழிந்துபோம். இவ்வுண்மையை மறந்து எழுதப்பட்ட செயலி, எழுதியவர் மேசையின்மேல் செவ்வனே இயங்கும். மக்கள் கைக்குச் சென்றதும் தவறும்.

இக்கட்டுப்பாடுகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஐபோன் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. பிறர் இயற்றிய செயலிகள் 2008இல் அதனுட் புகுந்தன. அப்பொழுது அவற்றிற்குப் பின்னணியில் இயங்கும் உரிமை இல்லை. 2009இல் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து அறிவிப்பு விடுக்கும் வழி ஏற்பட்டது. 2010இல் இசை இசைத்தல், இணையவழிப் பேச்சு, இருப்பிடம் அறிதல் முதலிய சில காரியங்களுக்கு மட்டும் பின்னணி உரிமை அளிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டோ இதற்கு நேர்மாறாகத் தொடக்கத்தில் தாராளமாய் உரிமை கொடுத்தது. அவ்வுரிமை பலவாறு துஷ்பிரயோகம் செய்யப்பட்டது. ஒவ்வொரு செயலியும் தானே தலையாயது எனக் கருதி, நினைத்தபோதெல்லாம் கைப்பேசியை எழுப்பி, மின்கலத்தை வறிதாக்கிற்று. அதன் விளைவாகவே சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன.

2014இல் ஐந்தாம் பதிப்போடு, வேலைகளை ஒருங்கு திரட்டி உரிய வேளையில் நடத்தும் அமைப்பு ஒன்று தரப்பட்டது. 2015இல் ஆறாம் பதிப்பில் டோஸ் எனப்படும் துயில்நிலை புகுத்தப்பட்டது. மின்னூட்டம் பெறாமலும், திரை அணைந்தும், அசைவற்றும் ஒரு கைப்பேசி நெடும்பொழுது கிடக்குமாயின் அது துயில்நிலை அடையும். அந்நிலையில் செயலிகளுக்கு வலைத்தொடர்பு இல்லை; பொதுவான அலாரங்கள் ஒத்திப்போடப்படும்; விழித்திருக்க வேண்டுமென்று செயலி விடுக்கும் வேண்டுகோள் புறக்கணிக்கப்படும். இடையிடையே சிறிது பொழுது வாயில் திறக்கப்படும். தேங்கிய வேலைகளை எல்லாம் அப்பொழுது முடித்துக்கொள்ளலாம். ஆனால் நேரஞ் செல்லச்செல்ல அவ்வாயில் திறக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். 2016இல் பைக்குள் அசைந்துகொண்டிருக்கும் கைப்பேசிக்கும் இதன் இலேசான வடிவம் விதிக்கப்பட்டது. 2017இல் பின்னணிக்குச் சென்ற செயலியின் சேவைகள் சில நிமிடங்களுள் நிறுத்தப்படும் என்பது சட்டமாயிற்று. 2018இல், பயன்படுத்துவோர் எத்துணை அடிக்கடி திறக்கின்றனர் என்பதைப் பொறுத்துச் செயலிகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. அரிதாய்த் திறக்கப்படுவதற்கு அரிதாகவே வாய்ப்பு. 2021இல் பன்னிரண்டாம் பதிப்பு, பின்னணியிலிருந்தபடியே முன்னணிச் சேவையைத் தொடங்குவதைச் சில விலக்குகளோடு தடுத்தது. 2024இல் பதினைந்தாம் பதிப்பு, தரவுப் பரிமாற்றத்திற்கென நடத்தப்படும் முன்னணிச் சேவைக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் என எல்லை விதித்தது.

இவற்றை எல்லாம் வெறும் நிரலாளர் கவலை என்று ஒதுக்குவார்க்கு 2020ஆம் ஆண்டின் வரலாறு தக்க விடையாகும். கொரோனாப் பெருந்தொற்று உலகை வருத்திய அவ்வாண்டில், நோயாளியின் அருகிலிருந்தாரைக் கண்டறிய அரசாங்கங்கள் பல செயலிகளை வெளியிட்டன. இரு கைப்பேசிகள் அண்மையில் இருக்கும்போது புளூடூத் அலைகளால் ஒன்றையொன்று அறிந்து குறித்துக்கொள்ளவேண்டும் என்பது அவற்றின் தத்துவம். இதனினும் தெளிவான பின்னணிப் பணி வேறில்லை. பேருந்திலும் சந்தையிலும் நிற்பவர் ஒருவரும் அச்செயலியைத் திறந்து நோக்கிக்கொண்டிரார். ஆனால் ஐபோனில் பின்னணிக்குச் சென்ற செயலி புளூடூத்தைத் தடையின்றிக் கையாளுதல் இயலாது. மார்ச்சு மாதம் சிங்கப்பூரில் வெளிவந்த டிரேஸ்டுகெதர் என்னும் செயலியை, ஐபோன் உடையார் திரையில் திறந்தே வைத்திருக்கவேண்டியதாயிற்று. பிரிட்டனின் பொதுநலச் சேவை தானே இயற்றிய செயலியை மே மாதம் வைட் தீவில் சோதித்தது. அது அருகிலிருந்த ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளுள் நூற்றுக்கு 75ஐயும், ஐபோன்களுள் நூற்றுக்கு 4ஐ மட்டுமே கண்டறிந்ததென ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டு, அம்முயற்சி கைவிடப்பட்டது.

அதற்குள் ஆப்பிளும் கூகுளும் ஏப்பிரல் 10ஆம் நாள் ஒன்றுகூடி அறிவித்த திட்டப்படி, அருகிருப்பைக் குறிக்கும் வேலையை இயங்குதளமே ஏற்றுக்கொள்ளும் வழி மே மாதத்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. இங்கிலாந்தும் வேல்சும் அவ்வழியைத் தழுவிச் செப்டம்பர் 24ஆம் நாள் புதிய செயலியை வெளியிட்டன. அது அவ்வாண்டிறுதிக்குள் இலட்சக்கணக்கானோர்க்குத் தொற்று நேராது தடுத்ததென 2021இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இதனால் நாம் அறியவேண்டுவது யாது? இயங்குதளத்தின் இயல்பை எதிர்த்து விழித்திருக்க முயன்ற செயலி தோற்றது. அவ்வியல்பை அறிந்து, வேலையை அதனிடமே ஒப்படைத்த செயலி பயன்பட்டது. ஒரு பணி தவறாமை, இடையறாது விழித்திருப்பதனால் வருவதன்று. உரியவரிடம் ஒப்படைத்து, இடையூறு நேரினும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஆயத்தமாயிருப்பதனால் வருவது.

இனி, அங்ஙனம் ஒப்படைக்கும் முறைகளை வகுத்துக் காண்போம். செயலி இயற்றுவோர் முதற்கண் தம் பணி எவ்வகையைச் சார்ந்தது என ஆராய்தல் வேண்டும். பயன்படுத்துவோர் அறிந்து விரும்பி இப்பொழுதே நடைபெறுவது முதல்வகை: இசை கேட்டல், வழி காட்டுதல், தொலைபேசியிற் பேசுதல் போல்வன. இவற்றிற்கு முன்னணிச் சேவை ஏற்றது. அறிவிப்புப் பகுதியில் ஒரு குறிப்பினைக் காட்டி, நான் வேலை செய்துகொண்டிருக்கின்றேன் என்று வெளிப்படையாய்க் கூறி உழைப்பது அது. 2023இல் வெளிவந்த பதினான்காம் பதிப்பை நோக்கி எழுதப்படும் செயலிகள், அச்சேவை எந்த இனத்தது என்பதையும் முன்னரே பதிவு செய்யவேண்டும்.

இப்பொழுதே வேண்டுவதில்லை, ஆயினும் எப்படியும் முடிந்தே தீரவேண்டும் என்பது இரண்டாம்வகை. படங்களை அனுப்புதலும் பதிவேடுகளை ஒத்திசைத்தலும் இதன்பாற்படும். இதற்கெனவே ஒர்க்மானேஜர் என்னும் நூலகத்தைக் கூகுள் 2018இல் அறிவித்து, 2019இல் நிலைபெற்ற வடிவில் வெளியிட்டது. வலைத்தொடர்பு இருக்கும்போது, மின்னூட்டம் பெறும்போது, மின்கலம் தாழாதிருக்கும்போது என நிபந்தனைகளைக் கூறி வேலையை அதனிடம் கொடுத்துவிடலாம். அது வேலையைத் தன் தரவுத்தளத்தில் எழுதிவைத்துக்கொள்ளுதலின், செயலி முடிக்கப்பட்டாலும், கைப்பேசியே அணைந்து மீண்டும் எழுந்தாலும், வேலை மறக்கப்படுவதில்லை. திரும்பத் திரும்ப நிகழும் வேலைக்கு 15 நிமிடமே மிகக் குறைந்த இடைவெளி என்பதும், ஒருமுறை நடக்கும் வேலை சுமார் 10 நிமிடத்துள் முடியவேண்டும் என்பதும் அதன் விதிகள். குறித்த நிமிடத்தில் தவறாது நடத்துவதாக அது வாக்களிப்பதில்லை. நிபந்தனை நிறைவேறியபின் நடத்துவதாகவே வாக்களிக்கின்றது. இவ்வேறுபாட்டினை உணராதார் அதன்மேற் குறைகூறுதல் முறையன்று.

குறித்த வேளையிலேயே நிகழவேண்டுவது மூன்றாம்வகை: துயிலெழுப்புதலும் மருந்தை நினைவூட்டுதலும் இதற்கு உதாரணம். துயில்நிலையையும் ஊடுருவும் துல்லிய அலாரம் ஆண்ட்ராய்டில் உண்டு. எனினும் அதன் உரிமையைப் பல செயலிகள் பயன்படுத்துவோரிடமே கேட்டுப் பெறவேண்டும். கைப்பேசி அணைக்கப்பட்டால் அலாரங்கள் அழிந்துபோமாதலின், அது மீண்டும் எழுந்தவுடன் அவற்றைப் புதிதாய் அமைத்தலும் செயலியின் கடமை. ஐபோனில் நினைவூட்டும் அறிவிப்பை முன்கூட்டியே இயங்குதளத்திடம் கொடுத்துவைத்தால், செயலி இயங்காவிடினும் அது உரிய வேளையில் தோன்றும். வெளியில் நிகழும் ஒன்றற்காகக் காத்திருப்பது நான்காம்வகை. செய்தி வந்ததா, வந்ததா என நொடிக்கொருமுறை சென்று பார்த்தல் பேதைமை. தபாற்காரர் வரும்வரை தெருவாயிலில் நின்றுகொண்டிருப்பார் எவருமிலர். அவர் வந்து அழைக்கும்போது எழுந்து சென்றால் போதும். அதுபோல, சர்வரிலிருந்து விடுக்கப்படும் அறிவிப்பு வாயிலாகவே செயலி எழுப்பப்படவேண்டும். அவசரச் செய்தி என்று குறித்து அனுப்பப்படுவது துயில்நிலையிலும் உடனே சேர்க்கப்படும். யாவற்றையும் அவசரம் என்று குறிப்பாரின் செய்திகள், காலப்போக்கில் அம்மதிப்பை இழக்கும்.

ஐபோனின் நெறி இன்னும் கடுமையானது. 2019இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பு முதல், செயலி தன் வேலையைப் பதிவு செய்து காத்திருக்கலாம். எப்பொழுது நடத்துவதென இயங்குதளமே தீர்மானிக்கும். புதுச்செய்தி கொணரும் சிறுவேலைக்கு அரை நிமிட அளவு கிடைக்கும். பெருவேலைக்குச் சில நிமிடங்கள் கிடைக்கலாம். பெருங்கோப்புகளை அனுப்புதலையும் பெறுதலையும் இயங்குதளத்திடமே ஒப்படைத்துவிடலாம். செயலி உறங்கினும் அவ்வேலை நடைபெறும். ஆயினும் பயன்படுத்துவோர் செயலியைத் தள்ளி மூடிவிட்டால் அவ்வேலையும் நின்றுவிடும். மின்கலத்தைக் காக்கும் பொருட்டுச் செயலிகளை எல்லாம் அடிக்கடி தள்ளி மூடும் வழக்கமுடையார் இதனைக் கருதுவாராக.

முறையான கருவியைத் தேர்ந்துவிட்டால் மாத்திரம் போதாது. வேலையின் உள்ளமைப்பும் செவ்விதாதல் வேண்டும். ஒரு காட்சியைக் கற்பித்துக்கொள்வோம். மலையூர் ஒன்றில் செவிலி ஒருவர் நாற்பது குழந்தைகளுக்குத் தடுப்பூசியிட்டு, விவரங்களைக் கைப்பேசியிற் பதிகின்றார். அங்கு அலைத்தொடர்பு இல்லை. மாலையில் அடிவாரம் வந்தபின்னரே அவை தலைமையிடத்திற்குச் செல்லும். அவர் சேமி என்னும் பொத்தானை அழுத்திய அந்நொடியிலேயே பதிவு கைப்பேசியின் நிலையான சேமிப்பில் எழுதப்படவேண்டும்; அனுப்பும் வேலை அதன்பின்னரே தொடங்கவேண்டும். இது முதல் விதி. நாற்பதையும் ஒரே மூட்டையாய்க் கட்டி அனுப்பாமல், ஒவ்வொன்றாய் அனுப்பி, சேர்ந்ததைச் சேர்ந்ததெனக் குறித்துக்கொண்டு செல்லவேண்டும். இருபத்தைந்தாவதில் வேலை அறுந்தால், மீண்டும் இருபத்தைந்தாவதிலிருந்தே தொடரலாம். இது இரண்டாம் விதி.

மூன்றாம் விதி மிக நுட்பமானது. பதிவு தலைமையிடத்தைச் சேர்ந்துவிட்டது. சேர்ந்தது என்னும் விடை திரும்பி வருமுன் தொடர்பு அறுந்தது. கைப்பேசி யாது செய்யும்? சேரவில்லை எனக் கருதி மீண்டும் அனுப்பும். தலைமையிடத்தில் ஒரே குழந்தைக்கு இருமுறை தடுப்பூசி இட்டதாகக் கணக்காகும். ஆகவே, ஒவ்வொரு பதிவுக்கும் பிறக்கும்போதே ஒரு தனியெண் கொடுத்து, அவ்வெண்ணோடு முன்னரே வந்த பதிவைச் சர்வர் மறுமுறை கணக்கிடாதிருக்குமாறு செய்யவேண்டும். பலமுறை செய்யினும் ஒருமுறை செய்த பயனே விளையும்படி அமைந்த வேலையைத்தான் அச்சமின்றித் திரும்பச் செய்யலாம். நான்காவதாக, தவறியவுடன் மீண்டும் மீண்டும் மோதாமல், முதலில் 30 நொடி, பின் 1 நிமிடம், பின் 2 நிமிடம் என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே முயலவேண்டும். இன்றேல், நின்றுபோன சர்வர் எழுந்தவுடன் ஆயிரம் கைப்பேசிகள் ஒருசேர மோதி அதனை மீண்டும் வீழ்த்திவிடும்.

இவற்றை எல்லாம் செய்த பின்னரும் ஒரு தடை எஞ்சி நிற்கின்றது. கைப்பேசி உற்பத்தியாளர் சிலர், தம் கருவியின் மின்கலம் நெடுநேரம் நிற்கின்றது என்னும் புகழை வேண்டி, ஆண்ட்ராய்டின் பொதுவிதிகளுக்கு மேலும் தம் சொந்த விதிகளைச் சேர்த்துள்ளனர். செயலியைத் திரையிலிருந்து தள்ளிய அளவிலேயே, அதனைக் கட்டாயமாய் நிறுத்தியதாகக் கொள்ளும் கருவிகளும் உள. கட்டாயமாய் நிறுத்தப்பட்ட செயலியின் அலாரங்களும் ஒப்படைத்த வேலைகளும், அதனைக் கையால் மீண்டும் திறக்குமளவும் நடவா. மின்கலத்தைக் காத்தல் நன்றே. ஆனால் மருந்து நினைவூட்டும் செயலியைச் சொல்லாமற்கொள்ளாமல் நிறுத்திவிட்டு மின்கலத்தைக் காத்தல், காவற்காரனை உறங்கச்செய்து விளக்கெண்ணெயை மிச்சப்படுத்துதல் போலாம். பொதுவிதிகள் யாவரும் அறிய எழுதப்பட்டுள்ளன. அறிந்தவற்றிற்கு ஏற்ப நடத்தல் கூடும். மறைந்த விதிக்கு ஏற்ப நடத்தல் எவர்க்கும் கூடாது. இவ்வகையில் நம் குறைகூறல் நியாயமானதேயாம்.

ஆதலின் உயிரோடு தொடர்புடைய காரியங்களில், பணி நடக்கும் என்று மாத்திரம் நம்பியிராமல், நடவாமற் போனால் அதனை அறிவது எங்ஙனம் என்பதையும் முன்னரே அமைத்தல் வேண்டும். கடைசியாக எப்பொழுது தரவு சென்றது, இன்னும் எத்தனை பதிவுகள் எஞ்சியுள்ளன என்பதைச் செயலியின் முகப்பிலேயே காட்டலாம். குறித்த காலத்துள் ஒரு கைப்பேசியிலிருந்து செய்தி வாராதாயின், அவ்வாராமையையே ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு சர்வர் எச்சரிக்கை எழுப்பலாம். எச்சரிக்கை ஒரே கருவியை நம்பியிராமல், வீட்டார் வேறொருவர் கைப்பேசிக்கும் செல்லுமாறு செய்யலாம். மௌனத்தை நலமென்று கொள்ளாமை இத்துறையின் தலையாய பாடம்.

கணினியியல் பயிலும் நம் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து அமைகின்றோம். நீவிர் இயற்றும் செயலியை, மின்னூட்டக் கம்பியோடு இணைந்த, திரை ஒளிரும், புதிய விலையுயர்ந்த கைப்பேசியில் மட்டும் சோதித்து நிறைவடையாதீர். பழைய கருவியொன்றை எடுத்து, வலைத்தொடர்பை இடையில் அறுத்துப் பாருங்கள். பாதி வேலையில் அணைத்து எழுப்பிப் பாருங்கள். கணினியோடு இணைத்துக் கட்டளையிட்டுத் துயில்நிலையை வலிந்து வரவழைத்துப் பாருங்கள். ஓரிரவு மேசைமேல் அசையாது விட்டுவைத்து, காலையில் எத்தனை வேலை முடிந்தது எனக் கணக்கெடுங்கள். நும் செயலியை நம்பியிருப்பவர் அதன் உள்ளமைப்பை அறியார். பொத்தானை அழுத்திவிட்டுத் தம் வேலையை நோக்கிச் சென்றுவிடுவார். அவர் பாராதபோது அவ்வேலையை முடித்துவைத்தல் நும் பொறுப்பு.